சர்டிபிகேட்டில் இல்லாத பெயர்

ஈஸ்டர் அன்று காலை ஆறு மணிக்கு நான் டூட்டிக்குப் போனபோது, ஏழாம் நம்பர் படுக்கைக்காரர் அப்படியேதான் கிடந்தார். பெரிய வெள்ளிக்கிழமை காலையிலேயே அவருடைய மயக்க மருந்தை நிறுத்திவிட்டோம். அன்று சாயங்காலத்துக்குள் கண் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. சனிக்கிழமையும் விழிக்கவில்லை.

பீளமேட்டில் ஓர் ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டு. ஊரடங்கு தொடங்கி மூன்றாவது வாரம். படுக்கையில் தொங்கிய அட்டையில் காளிச்சாமி, வயது 52, கிணத்துக்கடவு என்று எழுதியிருந்தது. தேங்காய் உரிக்கிறவர். மூச்சு வாங்கிக்கொண்டு 108-இல் வந்து இறங்கினார். வீட்டு ஆள் யாரையும் வண்டியில் ஏற்றவில்லை. சட்டைப் பையில் ஆதார் கார்டு மட்டும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அட்டையை எழுதினோம்.

"காளிச்சாமி! காளிச்சாமி, கண்ணைத் திறங்க!" என்று டாக்டர் சாய்ப்ரியா மூன்று நாளாகக் கூப்பிட்டுப் பார்த்தார். நானும் கூப்பிட்டேன். நெஞ்சில் அழுத்தினால் லேசாக முகம் சுளிப்பார். அவ்வளவுதான்.

"சிஸ்டர், எட்டு மணி ரவுண்ட்ஸுக்கு முன்னாடி அவங்க வீட்டுல பேசிடுங்க" என்றார் டாக்டர். கவச உடைக்குள்ளிருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "மூளைக்கு ஆக்சிஜன் சரியாப் போகாம இருந்திருக்கலாம். நம்பிக்கை கம்மிதான்னு பக்குவமாச் சொல்லுங்க. நீங்க சொன்னா அந்தம்மா கேட்டுக்குவாங்க."

108-க்குக் கூப்பிட்ட நம்பரில் தினமும் காளிச்சாமியின் மனைவி பொற்கொடியோடு பேசுகிறவள் நான்தான். அதனால் இந்த வேலையும் என் தலையில் விழுந்தது. பரமக்குடியில் என் அப்பா இறந்து அன்றைக்குப் பதினெட்டு நாள். ஊருக்குப் போகப் பாஸ் கிடைக்கவில்லை. அடக்கத்தை ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து செல்போனில் பார்த்தேன். குழிக்கருகில் பெட்டியை இறக்கும்போது சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் ஜெபம் பண்ணவில்லை. ஆண்டவர்மேல் கோபமெல்லாம் இல்லை. வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை.

பிளாஸ்டிக் உறை போட்ட வார்டு போனை எடுத்துப் பொற்கொடியைக் கூப்பிட்டேன். எடுத்தவுடன் பாட்டுச் சத்தம் கேட்டது.

"யாருங்க, அம்மணியா? ஏங் கண்ணு, இத்தன வெடியால?"

"ஆமாக்கா. அங்க என்ன சத்தம்?"

"சர்ச்சு பூட்டிக் கெடக்குதில்லீங்க. அதான் எங்க வளவுல அவியவிய ஊட்டு வாசல்லயே நின்னு பாடறாங்க. எங்கூட்டுக்குத்தான் கொரோனா வந்த ஊடுன்னு தகரம் அடிச்சுப்போட்டாங்களே. நா தகரத்துக்குள்ளார நின்னு பாடறேன். பாட்டு வெளிய போறதுக்கு ஒண்ணுந் தடையில்லீங்களே!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவரு முழிச்சுட்டாருங்களா?" என்றார்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

"இல்லக்கா. நானும் டாக்டரும் மூணு நாளா காதுகிட்ட போயி, காளிச்சாமி காளிச்சாமின்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கோம். அவருக்கு..."

"என்ன பேரு சொல்லிக் கூப்புட்டீங்க?"

"காளிச்சாமின்னு."

"அட ஆண்டவரே!" என்றார் பொற்கொடி. "அது சர்டிபிகேட்டுப் பேருங்க கண்ணு! பள்ளிக்கொடத்துல எழுதுனது. அந்தப் பேரச் சொல்லி ஒருத்தருங் கூப்புட்டதில்லீங்க. போன எலச்சன்ல ஓட்டுப் போடப் போயி, அந்த ஆபீசரு காளிச்சாமி காளிச்சாமின்னு கத்தறாரு. இவரு எவனோன்னு வேடிக்கை பாத்துட்டு நிக்கறாரு. பின்னால நின்ன ஆளு இடிச்சு உட்டதுக்கு அப்பறம்தான் போனாரு!"

சாதிச் சலுகைக்காகச் சர்க்காருக்கு ஒரு பெயர், சர்ச்சுக்கு ஒரு பெயர். எங்கள் ஊர்ப்பக்கமும் உண்டு. ஏன், எனக்கே உண்டு. அப்படியிருந்தும் எனக்கு அது தோன்றவேயில்லை. மூன்று நாளாக நாங்கள் வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அப்ப அவரோட பேரு என்னக்கா?"

தகரத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

"அக்கா!"

"நா எப்படீங்க கட்டுனவரு பேரச் சொல்றது? கட்டி இருவத்தாறு வருசத்துல ஒருக்காக்கூடச் சொன்னதில்லீங்க."

"ஐயோ அக்கா, இப்பப் போயி!"

"இருங்க கண்ணு, வேற மாதிரி சொல்றேன். நினிவேக்குப் போவமாட்டேன்னு ஓடுனவரு. மீனு வயித்துக்குள்ளார மூணு நாளு கெடந்தாருங்களே, அவரு பேருதான். இவரு மீனக் கண்டாலே மூக்கப் புடிச்சுக்குவாரு, அது வேற சங்கதி."

"யோனாவா?"

"ம்" என்றார், வெட்கத்தோடு.

நான் ஏழாம் படுக்கைக்குப் போனேன். வென்டிலேட்டரின் மூச்சுக்குழாய் வாயில் இருந்தது. குனிந்து, "யோனா அண்ணா" என்றேன்.

மூடிய இமைக்குள் கருவிழி உருண்டது.

என் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் நம்பவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். திரும்பவும் உருண்டது. ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவர் காதருகே வைத்தேன். "அக்கா, நீங்க கூப்பிடுங்க."

"ஏனுங்க... ஏனுங்க, நாந்தானுங்க. எந்திரிங்க. வெடிஞ்சு எத்தன நேரமாச்சு. தேங்கா லோடு வந்து நிக்குதுங்க."

அசைவில்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கக்கா."

அந்தப் பக்கம் பாட்டு ஒவ்வொரு வாசலாக அடங்கியது. வளவுக் குடியிருப்பே காது கொடுக்கிறது என்று தெரிந்தது. ஒரு சேவல் கூவியது. பிறகு, புதுப்பெண் குரல் மாதிரி, மெல்லத்தான் வந்தது.

"யோனா."

அவர் கண்ணைத் திறந்தார்.

என்னைப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் பார்த்தார். அவர் கைக்குள் என் விரல்களை வைத்து, "கேக்குதுன்னா அழுத்துங்கண்ணா" என்றேன். அழுத்தினார். தேங்காய் உரித்துக் காய்ப்பேறிய கை. இரண்டு கையுறைகளுக்கு உள்ளேயும் வலித்தது. அந்த வலி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு பள்ளியில் நான் பரிசுக்கு ஒப்பித்த பகுதி ஒன்று உண்டு. கல்லறைத் தோட்டத்தில் நின்று அழுத மரியாள், உயிர்த்தெழுந்து எதிரில் நிற்கும் ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைப்பாள். அவர் அவளுடைய பெயரைச் சொல்வார். அந்த ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னதற்கு எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் கிடைத்தது. ஆனால் நான் சொன்னது என்னவென்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. மானிட்டர்கள் கத்துகிற அந்த வார்டில்தான் விளங்கியது. "ஆண்டவரே" என்றேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. நான் பேசுவதற்குக் காத்துக்கொண்டு யாரோ பக்கத்திலேயே நின்றிருந்தது போல் இருந்தது.

"கண்ணு, என்னாச்சுங்க? ஏனுங்க பேசமாட்டீங்கறீங்க?" பொற்கொடி கத்தினார்.

"எந்திரிச்சுட்டாருக்கா."

போனில் அழுகையா பாட்டா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் எழுந்தது. தகரத்தைக் கையால் படபடவென்று தட்டுகிறார். "ஏனுங்க, எல்லாருங் கேளுங்க! முழிச்சுட்டாருங்களாமா!"

டாக்டர் சாய்ப்ரியா ஓடிவந்தார். "காளிச்சாமி?" என்றார். படுக்கையில் இருந்தவர் திரும்பவில்லை.

"யோனான்னு கூப்பிடுங்க டாக்டர்."

"யார் அது?"

"இவருதான்."

டாக்டர் ஒன்றும் புரியாமல் குனிந்து, "யோனா" என்றார். யோனாவின் கண்கள் மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பின.

டாக்டர் டார்ச்சை எடுத்தார், போடாமலே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை நீங்க கூப்பிடுங்க சிஸ்டர்" என்றார். "நான் சும்மா பாக்கறேன்."