சிவப்புக் கோடிட்ட பக்கங்கள்

செயலாளர் ராமுலு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த நாவலின் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தபோது, ரிஃபானா இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் கோத்துக்கொண்டாள். ஆர்.எஸ்.புரத்தின் அந்த அறக்கட்டளை நூலகத்தில் அவள் ஆறு வருடமாக நூலகர். நாளைக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாமா என்பதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூன்று பேர் முடிவு செய்யப்போகிறார்கள். பழைய மில் முதலாளியும் நூலகக் கமிட்டியின் தலைவருமான ரங்கராஜ். அவருக்கு மனைவியாக இருப்பதையே தகுதியாகக் கொண்டு கமிட்டிக்குள் வந்த வெங்கடலட்சுமி. மூன்றாவது ராமுலு. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்தத் தகவலை யாரும் தனக்கு முறைப்படி தெரிவிக்கவில்லை என்பதுபோலத்தான் இன்றுவரை நடந்துகொள்கிறார்.

புகார் அவருடையது. ‘முப்பத்திரண்டு பானைகளின் ஸ்ட்ரைக்’ என்கிற நாவல் பொங்கல் திருநாளை இழிவு செய்கிறது, பண்பாட்டின் ஆணிவேரில் வெந்நீர் ஊற்றுகிறது என்று மூன்று பக்கக் கடிதம். நூலையும் அதைத் தேர்ந்தெடுத்தவரையும் நீக்க வேண்டும் என்று முடித்திருந்தார். அதற்கு முந்தைய வரியில், தேர்ந்தெடுத்தவர் யார் என்பதையும் கமிட்டி கவனிக்க வேண்டும் என்று இருந்தது. ‘யார்’ என்ற சொல்லுக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு. அந்தக் கோடுகளுக்கு என்ன அர்த்தம் என்று முஸ்லிம்கள் அதிகம் வாழும் உக்கடத்தில் பிறந்து வளர்ந்த ரிஃபானாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நூலகத்தை ஆரம்பித்த ரங்கராஜின் அப்பா ஒரு விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு புத்தகத்தை வெளியே அனுப்ப வேண்டுமானால், புகார் சொன்னவரே அந்தப் பக்கங்களைக் கூட்டத்தில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். முப்பது வருடமாக யாரும் சீண்டாத விதி. ராமுலு அதைத் தேடிப் பிடித்து மகிழ்ந்தார். கேட்டால் எல்லோருக்கும் ரத்தம் கொதிக்கும் என்பது அவர் கணக்கு.

“தை முதல் நாள் காலை. சீஃப் கெஸ்ட் வராமல் பொங்க மாட்டோம் என்று முப்பத்திரண்டு பானைகளும் ஒரே குரலில் அறிவித்தன. உதித்துவிட்ட சூரியன் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் வரிசை வி.ஐ.பி.க்கு என்று சொல்லி, அவனை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள்.”

கடன் பாக்கி நோட்டீஸ் வாசிக்கிற குரல். அந்தக் குரலில் கேட்க அது இன்னும் மோசமாகச் சிரிப்பு மூட்டியது. ரிஃபானா பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த நேரத்தில் சிரித்தால் எல்லாம் முடிந்தது.

ஆறு வருடத்தில் எந்தப் புத்தகமும் இப்படிக் கைமாறி அவள் பார்த்ததில்லை. திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொன்னார்கள்: எங்க அபார்ட்மெண்ட்டுல நடந்தத இத எழுதுனவருக்கு யாருங்க சொன்னது? பொங்கலைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. தங்களுக்கும் பானைக்கும் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். நோன்பு திறக்கும் நேரம் தாண்டியும் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடி மற்றவர்களைக் காக்கவைக்கும் தன் தெரு ஜமாத் பிரமுகர் ஒருவரை நினைத்து அவளும் சிரித்திருக்கிறாள். இதையெல்லாம் இங்கே சொன்னால் எடுபடுமா?

வெங்கடலட்சுமி இருமினார். அது இருமல் இல்லை என்று ரிஃபானாவுக்குத் தெரியும். டிரைவர் பெயரில் இருந்த கார்டில் இதே புத்தகத்தை எடுத்துப் போய், இரண்டு முறை புதுப்பித்தவர் அவர்.

ரங்கராஜின் முகத்தில் மட்டும் ஒரு சுருக்கமும் அசையவில்லை.

“அடுத்தது எழுவத்தி நாலுங்க,” என்று ராமுலு விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார்.

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ரிஃபானாவுக்குத் தெரியும். “சார், இதுவரைக்கும் போதுங்களே...”

“ஏனுங்க அம்மணி, வாங்கி வெக்கையில இல்லாத கூச்சம் இப்ப எங்கிருந்துங்க வந்துச்சு?”

“படிக்கட்டும் உடு கண்ணு,” என்றார் வெங்கடலட்சுமி. “எங்க மாமனார் போட்ட ரூலு.”

ராமுலு படித்தார். “சீஃப் கெஸ்ட் வந்து இறங்கினார். மேடைக்கு மேடை போர்த்திய சால்வைகளை அவர் கழற்றுவதே இல்லை. மொத்தம் நாற்பத்தொன்று. வெயிலில் பாவம் வியர்க்கிறதே என்று ஒரு கரும்பு இரக்கப்பட்டு ஒன்றை உருவியது. பிறகு இன்னொன்றை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது...”

குரல் மெதுவாகத் தேய்ந்தது. ரங்கராஜ் வீட்டு வரவேற்பறைக் கண்ணாடி பீரோவை அந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. ஒவ்வொரு சால்வையிலும் தேதி, இடம், போர்த்தியவர் பெயர் எழுதிய சீட்டு. ராமுலுவே இரண்டு போர்த்தியிருக்கிறார்.

“...நாற்பது.” புத்தகத்தை மூடினார்.

“அப்பறம்?” என்றார் ரங்கராஜ்.

“அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல கோடு போடலீங்க.”

“நாப்பத்தொண்ணாவதுக்குள்ள என்ன இருந்துச்சு?”

யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பக்க எண்களுக்குத்தான் ராமுலு சிவப்புக் கோடு போட்டிருந்தார். மிச்சத்தைப் படித்தவரில்லை.

ரங்கராஜ் அவள் பக்கம் திரும்பினார். “நீ முழுசாப் படிச்சிருக்கியாம்மா?”

“படிச்சிருக்கேன் சார்.”

“என்ன இருந்துச்சு, சொல்லு.”

உள்ளே ஒரு நல்ல மனுஷர் இருந்தார் என்று சொல்லிவிடலாம். ராமுலுவுக்குத் தெரியாது. வெங்கடலட்சுமி காட்டிக்கொடுக்க மாட்டார். ஒரே ஒரு வரி. மகளின் ஸ்கூல் பீஸ், வீட்டு வாடகை, ஆறு வருடம், எல்லாம் அந்த வரியில் பத்திரமாக இருந்தன. மேசை மேல் கிடந்த புத்தகத்தைப் பார்த்தாள். அட்டையில் பானைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தன.

“யாரும் இல்லீங்க சார்,” என்றாள்.

ராமுலு வெற்றியோடு நிமிர்ந்தார். “கேட்டீங்களா? இதத்தானுங்க நான்...”

ரங்கராஜின் செல்போன் அலறியது. காது மந்தமென்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அழுத்தியதும், மேளச்சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் அறை முழுக்கப் பரவியது.

“ஐயா, காலேஜ் பொங்கல் விழாவுல இருந்து பேசறனுங்க. எல்லாம் ரெடிங்க. அடுப்பு மட்டும் இன்னும் பத்த வெக்கலீங்க. நீங்க வந்தாத்தானுங்க...”

ரங்கராஜ் அழைப்பைத் துண்டித்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெங்கடலட்சுமி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ரங்கராஜ் கையை நீட்டிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, எழுபத்து நாலாம் பக்கத்தைத் தேடி எடுத்தார். கோடு முடிந்த இடத்தில் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். உதடுகள் மட்டும் அசைந்தன. செல்போன் மறுபடி அடித்தது. அதிர்ந்து அதிர்ந்து அது மேசையின் விளிம்பை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அதைப் பிடிக்க நாலு பேரில் ஒருவரும் கை நீட்டவில்லை. ரங்கராஜ் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.