ஆர்விட் தள்ளி வைத்த தொட்டி

நான்கு கடமான்களைப் பூட்டி இழுத்தாலும் அசையாத இரும்புக் குப்பைத் தொட்டியை, செத்து ஐந்து வருடமான ஆர்விட் கங்காஸ் ஒற்றை ஆளாகத் தள்ளி வைத்தார். அதுவும் மேட்டை நோக்கி, பட்டப்பகலில், நாங்கள் ஒரு கோப்பை காபி குடித்து முடிப்பதற்குள். நீங்கள் நம்ப வேண்டாம். தொட்டி கொண்டுவந்த டேலும் நம்பவில்லை.

ஆர்விட்டின் மனைவி லெம்பி என் பக்கத்து வீடு. அவள் கூரை எப்படி ஒழுகியதென்றால், கூடத்தில் வைத்திருந்த வாளியில் மீன் நீந்தியதை நானே பார்த்தேன். சின்ன மீன்தான். அரிசோனாவில் இருக்கும் மகள் கேரின் முடிவாகச் சொல்லிவிட்டாள்: பனி விழுவதற்குள் கூரை மாறவில்லையென்றால் அம்மாவைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போய்விடுவாள். அம்மா இன்னமும் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறாள் என்ற கவலை வேறு அவளுக்கு. லெம்பிக்கோ இந்த ஏரிக்கரையையும் சாவ்னா என்ற நீராவிக் குளியலறையையும் விட்டுப் போவதென்றால் உயிர் போவது மாதிரி.

காலமெல்லாம் கூரை வேலை செய்து ஓய்ந்தவன் நான். எனவே பழைய ஓடுகளைக் கொட்ட எந்தத் தொட்டி, எங்கே வைப்பது என்பதை என் தலையில் கட்டினாள்.

"ஒரே அடுக்குதான் ரெய்னோ. சின்னதா ஒண்ணு போதும்" என்றாள்.

ஏணி வைத்து ஏறி, கூரை ஓரத்தில் நெம்பிப் பார்த்தேன். மூன்று அடுக்கு! ஆர்விட் எதையும் தூக்கிப் போடாத மனிதர். தார் ஓடு பழசானால் அதன் மேலேயே புதுசை அடித்துவிடுவார். இன்னும் இரண்டு முறை அடித்திருந்தால் வீடு பூமிக்குள் இறங்கி, நாங்கள் புகைபோக்கி வழியாக உள்ளே போயிருப்போம்.

தொட்டிக்காரன் டேல் தன்னிடம் இருப்பதிலேயே பெரிய தொட்டியைக் கொண்டுவருவதாகச் சொன்னான்.

"அதுல முழுக்க ஓடுகளைக் கொட்டினா உன் லாரி முன்சக்கரத்தைத் தூக்கிட்டு நிக்கும்டா. குட்டையானதா ரெண்டு கொண்டா. ஒண்ணு நிறைஞ்சதும் அடுத்தது" என்றேன்.

"சரி பெரியவரே. உங்க வாய்க்குத்தான் பெரிய தொட்டி வேணும்."

டேல் கேரினோடு பள்ளியில் படித்தவன். பாதிரியார் சொன்னாலும் சாட்சி கேட்பவன். பொய் சொல்ல வாயே வராது.

உறைபனி படிந்த ஒரு காலையில் வந்தான். வீட்டுக்கும் பழைய சாவ்னாவுக்கும் நடுவே வண்டி நிறுத்தும் தடம்தான் சரியான இடம். கூரையிலிருந்து தள்ளினால் ஓடு நேராக உள்ளே விழும். பலகை பரப்பி, அதன் மேல் தொட்டியை இறக்கினான். லெம்பி காபிக்குக் கூப்பிட்டாள்.

ஏலக்காய் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தபோது வெளியே சத்தம். டொக் டொக்... டொக். லெம்பியின் கோப்பை பாதி வழியில் நின்றது. இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. ஆர்விட் சுத்தியல் அடிக்கும் தாளம் அது.

போய்ப் பார்த்தால் தொட்டி மேலே சாலையோரம் நிற்கிறது. பலகைகள் மட்டும் பழைய இடத்தில் கிடக்கின்றன. யாரும் அடுப்பு மூட்டாத சாவ்னாவிலிருந்து பூர்ச்ச மர விறகின் புகை வாசனை.

"சக்கரத்துல உருண்டிருக்கும்" என்றான் டேல்.

"மேட்டுலயா?"

"உங்க டிராக்டரை வச்சு இழுத்துட்டு எனக்கே கதை சொல்றீங்களா?"

"நான்தான் உன் பக்கத்துல உக்காந்து தின்னுக்கிட்டிருந்தேனே!"

திரும்ப அதே இடத்தில் வைத்தான். சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்தான். நாங்கள் வாசல் கதவைத் தொடுவதற்குள் மறுபடியும் டொக் டொக்... டொக். திரும்பினோம். தொட்டி சாலையோரத்தில். கட்டைகள் சாவ்னா படியில், உள்ளே குளிக்கப் போனவன் கழற்றி வைத்த செருப்பு மாதிரி, ஜோடியாக. தொட்டியின் பக்கவாட்டில் உறைபனி உருகி இரண்டு கைத்தடம். வலது கையில் நான்கே விரல். ஆர்விட்டின் மோதிரவிரலை மர அறுவை ஆலை எடுத்துக்கொண்டது ஊருக்கே தெரியும்.

என் முதுகுத்தண்டு உறைந்தே போனது. அடுத்த கோடைவரை இளகவில்லை.

லெம்பி இடுப்பில் கை வைத்தாள். "யோவ் ஆர்விட்! பழைய ஓடுகளைத் தூக்கிப் போடுறதுக்கா இந்த ஆட்டம்? கூரை இல்லாட்டி என்னைய மணல்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவா உன் மக. தொட்டியை விடுய்யா!"

"காத்துகிட்ட சண்டை போடாதீங்கம்மா" என்று டேல் மூன்றாம் முறை தொட்டியை லாரியில் ஏற்றிப் பின்புறமாக ஓட்டி வந்தான். பலகை கோணலாகக் கிடந்தது. இறங்கிப்போய்க் குனிந்து நேராக்கினான்.

தரை வாயைத் திறந்தது.

பலகை செங்குத்தாக நின்று உள்ளே போனது. வெகுநேரம் கழித்து, அடியிலிருந்து 'களுக்' என்று தண்ணீர்ச் சத்தம். டேல் குழி விளிம்புக்கு வெளியே மல்லாந்து கிடந்தான். நான் லாரி அருகே இருந்தேன். லெம்பி வாசலில். அவன் பக்கத்தில் யாருமில்லை.

"வழுக்கி... பின்னால விழுந்துட்டேன் போலிருக்கு" என்று கழுத்தைத் தேய்த்தான்.

லெம்பி மெல்ல வந்து எட்டிப் பார்த்தாள். "சாவ்னா கிணறு. மாமனார் வெட்டினது. மண்ணு போட்டு மூடிட்டேன்னு சொன்னாரே இந்த மனுஷன்!"

உள்ளே பாதி உளுத்த கதவு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கதவைத் தூக்கிப்போட மனமில்லாமல், கிணற்றின் மேல் போட்டு மண் தூவியிருக்கிறார் மகராசன். காரைத் தாங்கிய கதவு, காலித் தொட்டிக்கே விரிசல் விட்டிருக்கிறது; மூன்று அடுக்கு ஓடுகளைத் தாங்குமா? தொட்டி, வீட்டின் மூலை, மாடியறையில் தூங்கும் லெம்பி எல்லாம் அந்த வழியே போயிருக்கும்.

டேல் தொட்டியைச் சாலையோரத்தில், ஆர்விட் காட்டிய இடத்திலேயே இறக்கினான். இம்முறை அது அசையவில்லை.

அப்போதுதான் கேரின் போன் செய்தாள். லெம்பிக்கு மறைக்கத் தெரியாது. "உங்கப்பா தொட்டியைத் தள்ளி வச்சாருடி" என்று ஆரம்பித்துவிட்டாள்.

"போதும்மா" என்றாள் கேரின். குரல் உடைந்திருந்தது. "கூரையெல்லாம் வேணாம். இந்த வாரமே வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

நான் போனைப் பிடுங்கி நடந்ததைச் சொன்னேன். "ரெய்னோ மாமா, நீங்க வாளியில மீன் பாத்தவரு. டேல் இருந்தா அவன்கிட்ட குடுங்க."

டேல் போனை வாங்கி, தொட்டியில் இன்னும் உருகாத பனிக்கு நடுவே இருந்த அந்தத் தடத்தைப் பார்த்தான். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"கேரின், உங்க அம்மா புத்தி நல்லாத்தான் இருக்கு. நான் குழிக்குள்ள போயிக்கிட்டிருந்தேன். பின்னாலேருந்து என் காலரைப் பிடிச்சு இழுத்தாங்க. கழுத்துல விரல் பட்டுச்சு, ஐஸ் மாதிரி. நாலு விரல்தான் இருந்துச்சு."