திரும்பாத கோச்சி

எங்கள் ஊரில் நான் புருசனை விட்டுப் போவதென்றாலும் புருசனுடைய லாஞ்சில்தான் போக வேண்டும். நெடுந்தீவில் இருந்து கடல் கடந்து குறிகாட்டுவானுக்குக் காலையில் போகிற லாஞ்சை ஓட்டுகிறவர் என் மனுசன் கிறிஸ்தோப்பர். அவரை விட்டுத் தம்பியோடு யாழ்ப்பாணம் போய்விடுவது என்று முடிவெடுத்த அன்று எனக்கு முதலில் வந்த யோசனை இதுதான். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. அப்போதெல்லாம் எனக்கு ஒன்றுமே வருவதில்லை. உலையில் அரிசி போட்டால் வேகும், வடிப்பேன், அவ்வளவுதான்.

எங்கள் மகள் ஜெனீற்றா செத்து ஒரு வருசம் ஆகப்போகிறது. எட்டு வயது. காய்ச்சல் என்று ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலிப்பு வந்ததும் யாழ்ப்பாணத்துக்கு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கிற மாதம். கிறிஸ்தோப்பரே லாஞ்சை எடுத்தார். பிள்ளை என் மடியில் கிடந்தாள். கூட ஒரு நேர்ஸும், வேறு நோயாளிகளும், அவர்களுடைய ஆட்களும். அரைவாசிக் கடலில் அலை லாஞ்சுக்குள்ளேயே வந்து விழுந்தது. அவர் என் பக்கம் பார்க்கவில்லை. லாஞ்சைத் திருப்பினார். எல்லாரும் உயிரோடு கரைக்கு வந்தோம். பிள்ளை அன்று பின்னேரம் ஊர் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

அவர் திருப்பாமல் விட்டிருந்தால் அத்தனை பேரும் கடலில் தாண்டு செத்திருப்போம். அது எனக்குத் தெரியும். தீவில் பிறந்தவளுக்கு இதை ஒருவர் வந்து விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையைத் தோளில் வைத்து ஆற்றைக் கடந்த புனிதரின் பெயரைப் போயும் போயும் இந்த மனுசனுக்கு வைத்தார்களே என்று மாமியையும் மாமாவையும் மனசுக்குள் நல்லாத் திட்டினேன். அவரும் அந்த நாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரே பானையில் சாப்பிட்டோம். உப்புப் போதுமா என்பதற்கு மேல் கதை இல்லை.

எங்கள் கோயிலுக்கு வருசா வருசம் கிறிஸ்மஸுக்குப் பாலன்குடில் கட்டுகிறவர் அவர்தான். கடதாசியைக் கசக்கி மலை செய்வார், ஈர்க்கில் வேலி கட்டுவார், கண்ணாடித் துண்டில் குளம் வைப்பார். போன நத்தாருக்குச் சாமியார் வந்து கேட்டபோது, "ஏலாது ஃபாதர்" என்றுவிட்டார். அடுத்த கிழமை பிள்ளையின் அறைக்குள் பலகை அறுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சுவரோடு சுவராக மேசை உயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் சின்னதாகத் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

நெடுந்தீவில் கோச்சி! ரெயில் ஏறவேண்டுமென்றால் முதலில் கடல் கடக்கவேண்டிய ஊர் இது. விசயம் வெளியே போனதும் ஊர் சும்மா இருக்குமா? "சுகந்தி, உங்கடை கோச்சிக்கு ரிக்கற் எங்கை எடுக்கிறது?" என்று கிணற்றடியில் கேட்டார்கள். பார்க்கவும் வந்தார்கள். பார்த்தவர்கள் பகிடியை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எரிந்துபோன மோட்டருக்குள் இருந்த செப்புக் கம்பியை உருவி, தட்டி நேராக்கி, அரத்தால் தேய்த்துத் தண்டவாளம் ஆக்கினார். பனை ஈர்க்கை நறுக்கிச் சிலிப்பர் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் குண்டூசி இறக்கி, ஊசித் தலையில் ஈயம் உருக்கிக் கம்பியை ஒட்டுவார். இரண்டு கம்பிக்கும் இடையில் ஒரு சின்ன மரத்துண்டை வைத்து வைத்து அளப்பார். கொஞ்சம் அகன்றிருந்தாலும் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்ப ஒட்டுவார். லாஞ்சால் வந்து, கை கால் கழுவி, பிளேன்ரீ குடித்துவிட்டு உள்ளே போனால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார்.

பாதை நெடுந்தீவில் தொடங்கியது. முருகைக்கல்லை உடைத்து ஸ்ரேசன் கட்டியிருந்தார். அங்கிருந்து தூண் தூணாகக் கடலுக்கு மேல் பாலம். பிறகு குறிகாட்டுவான். புங்குடுதீவில் ஆள் இல்லாத கல்வீடுகள், கதவுகளில் கடுகளவில் பூட்டு. வேலணை, கோயிலோடு அல்லைப்பிட்டி, மண்டைதீவு, பண்ணைப் பாலம். கடைசியில் யாழ்ப்பாணம். அங்கே ஸ்ரேசனுக்கு முன்னால் ஒரேயொரு கட்டடம், நிறைய ஜன்னல்களோடு. அது என்ன கட்டடம் என்று வந்தவர்கள் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது, நாங்கள் பிள்ளையோடு போய்ச் சேராத கட்டடம். தெரிந்தும் ஒன்றும் செய்யவில்லை, அடுப்பைப் பார்க்கப் போனேன்.

என் தம்பி றஜீபன் யாழ்ப்பாணத்தில் ரெயில்வேயில் வேலை செய்கிறான். எஞ்சினும் பெட்டிகளும் கரண்டுப் பெட்டியும் கொழும்பில் வாங்கி அனுப்பியவன் அவன்தான். இந்த ஆட்டம் முடிந்தால் அத்தான் தெளிந்துவிடுவார் என்று அவனுக்கு நம்பிக்கை. எனக்கு நம்பிக்கையும் இல்லை, நம்பிக்கையீனமும் இல்லை. "என்னை வந்து கூட்டிக்கொண்டு போ" என்று மட்டும் போனில் சொன்னேன். சனிக்கிழமை மத்தியான லாஞ்சில் வந்தான். விடியப் போவதாக ஏற்பாடு. என் பையைக் கட்டி ஹோலில் வைத்திருந்தேன்.

வந்தவன் என்னோடு கதைத்துவிட்டு நேரே அறைக்குள் போய்விட்டான். ரெயில்வேக்காரன் அல்லவா. "அத்தான், விசர் வேலை! இதைக் கையாலையோ செய்தனீங்கள்?" என்று அவன் சத்தம் போடுவது குசினிக்குக் கேட்டது. பிறகு எஞ்சின் ஓடுகிற சத்தம். இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுபோனேன். கோச்சி பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் போய் நின்றது. கிறிஸ்தோப்பர் எழும்பி, எஞ்சினையும் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கையால் தூக்கிக்கொண்டுவந்து நெடுந்தீவில் வைத்தார். தினமும் அப்படித்தான் செய்வார். அதுதான் முறையாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

றஜீபன் சிரித்தான். "ஏன் அத்தான் தூக்கிறியள்? எஞ்சின் சுத்தி வந்து மற்றப் பக்கம் கொழுவ ஒரு பக்கப்பாதை வைக்கேல்லையே! லாஞ்சு எண்டு நினைச்சிட்டியள். சுக்கானைப் பிடிச்சா லாஞ்சு திரும்பும். கோச்சி திரும்பாது."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது, பொல்லாத சந்தோசம். இத்தனை மாதம் குனிந்திருந்து கட்டியதில் கடைசியில் லாஞ்சுக்காரப் பிழை விட்டிருக்கிறாரே என்று. தேத்தண்ணியை வைத்துவிட்டு, போகாமல் நின்றேன்.

றஜீபன் கரண்டுப் பெட்டியைக் கையில் எடுத்தான். "சரி, அப்பிடியெண்டாலும் பின்னுக்கு ஓட்டலாம் தானே. நான் வாங்கித் தந்ததிலை பின்னுக்குப் போற சுவிச்சு இருந்தது." அதைத் திருப்பிப் பார்த்தான். சுவிச்சு இருந்த இடத்தில் ஈயம் ஊற்றி அடைத்திருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "இதை ஏன் அடைச்சனீங்கள்?"

"பிழை இல்லைத் தம்பி," என்றார் கிறிஸ்தோப்பர். "வேணுமெண்டுதான் விட்டனான். வெளிக்கிட்டால் திருப்ப ஏலாது. ஓட்டுறவன் பயந்தாலும் ஏலாது. போய்ச் சேரத்தான் வேணும்."

கரண்டுப் பெட்டியைப் பார்த்தபடிதான் சொன்னார். றஜீபன் என்னைப் பார்த்தான். பெட்டியை மெல்லப் பலகையில் வைத்துவிட்டு, "வாறன்" என்று முற்றத்துக்குப் போய்விட்டான்.

நான் அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாலத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு தூணுக்கும் குறுக்குச் சட்டம் கொடுத்திருந்தார். எந்த அலைக்கும் அசையாத மாதிரி. இந்த மனுசன் இத்தனை மாதமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கடலை ஓடிக் கடந்து, வீட்டுக்கு வந்து, இதற்குள் இருந்து அந்த ஒரே பயணத்தைத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். நான் பக்கத்து அறையில் இருந்திருக்கிறேன்.

"நீங்கள் திருப்பாமல் விட்டிருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டம்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "உமக்கு அது தெரியுமோ?"

"அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"கோபம்."

அவர் தலையை ஆட்டினார். ஓம் ஓம் என்று, யாரோ வழி சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறவர் மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு ஈயக்கறை பிடித்த கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். செத்தவீட்டில்கூட அழாத மனுசன். எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் நெஞ்சுக்குள் ஓர் இடம் நொந்தது. இவ்வளவு காலம் அங்கே ஒன்றும் தெரியாமல் மரத்துக் கிடந்தது, இப்போது நன்றாக நொந்தது.

"எனக்குக் கோபம் இன்னும் போகேல்லை," என்றேன். பொய் சொல்லி அவரைத் தேற்ற எனக்கு மனமில்லை. "நாளைக்கும் போகாது. அடுத்த வருசமும் போகாதாக்கும்."

"பையைக் கண்டனான்," என்றார்.

இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் முகத்தைத் துடைத்தார். ஒருவரும் உட்காராமல் மூலையில் கிடந்த கதிரையைத் தூக்கி, அதில் படிந்திருந்த மரத்தூளைக் கையால் தட்டி, எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"கோபம் போகவேண்டாம், சுகந்தி," என்றார். "கோபத்தோடையே இரும்."

கதிரையில் இருக்கச் சொன்னாரா, வீட்டில் இருக்கச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. இருந்தேன்.