மண்ணெண்ணெய்ப் பெட்டி

கிழக்கு வெளுக்குமுன்பே தியாகலிங்கம் முதலாளியின் சுருட்டுக் கொட்டிலில் வேலை தொடங்கிவிடும். மணமும் காரமும் ஏற்றக் காய்ச்சிய கோடாப் பாணியில் ஊறிய புகையிலையின் காட்டம் மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும். சாக்கை விரித்து, சப்பாணி கட்டி உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்தால் மத்தியானம்வரை எழும்ப நேரமில்லை. உள்ளே வைக்கும் இலையை அள்ளிப் பிடித்து, மேலிலையை இழுத்துச் சுற்றி, நுனியைத் திருகிப் பசை தொட்டு ஒட்டவேண்டும். கை ஓடவேண்டும், கால் அசையக்கூடாது. இருபத்தாறு வருடம் அசையாமல் மடங்கிக் கிடந்த கால்கள்தான் இப்போது ஆழ்வாப்பிள்ளைக்கு வினையாக வந்து நின்றன.

விடியற்காலையில் நல்லம்மா தவிட்டை வறுத்து, துணியில் முடிந்து, புருசனின் இரண்டு முழங்காலுக்கும் ஒத்தணம் கொடுப்பாள். ஆமணக்கிலையை அனலில் வாட்டிக் கட்டுவாள். அதன்பிறகே அவர் சுவரைப் பிடித்து எழும்புவார். முதல் பத்தடி நரகம்; பிறகு நோ கொஞ்சம் இளகும். வானத்தைப் பாராமலே மழை வருவதைச் சொல்லிவிடுவார். அந்த முழங்காலால் கண்ட லாபம் அது ஒன்றுதான்.

"தேஞ்ச மூட்டு திரும்ப வளராது, ஆழ்வார்," என்று ஊர் வைத்தியரான பரியாரியார் சொல்லியிருந்தார். "எண்ணெயும் ஒத்தணமும் நோவை ஆத்தும், மாத்தாது. காலை மடக்கி இராதை. உசரத்திலை இரு. இடைக்கிடை எழும்பி நட."

நல்ல மருந்துதான். சுருட்டுக் கொட்டிலில் அதைச் சாப்பிட வழியில்லை, அவ்வளவுதான்.

கால் போனது தெரிந்தால் வேலையும் போகும். ஆகையால் இரண்டு வருடமாக ஒளித்தார். மாலையில் மற்றவர்கள் போகட்டும் என்று பலகையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பார்த்தால், எதிரே இருக்கும் செபநாயகமும் அந்த நேரத்தில்தான் கத்தி தீட்டுவான். மூலையில் கந்தப்பர் சிந்திய தூளைப் பொறுக்குவார். "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்று ஒருவரை ஒருவர் துரத்துவதே பெரும்பாடு. 'இவங்களுக்கு வீடுவாசல் இல்லையோ?' என்று ஆழ்வாப்பிள்ளை மனதுக்குள் திட்டிக்கொள்வார்.

நோ தாங்கமுடியாமல் போன ஒரு திங்கட்கிழமை, அச்சுவேலிச் சந்தையில் வாங்கிய வெறும் மண்ணெண்ணெய் மரப்பெட்டியொன்றைக் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் இருந்தார். கால் நீட்ட இடம் கிடைத்தது. பத்து மணிக்குள் வழமையைவிடக் கூடவே சுற்றிவிட்டார்.

முதலாளி வந்தார். அவருடைய கதிரையில், பின்னிடுப்பில் நாரி நோவுக்கு முட்டுக்கொடுக்க இலவம்பஞ்சுத் தலகணி இருந்தது. அதில் சாய்ந்தவரின் கண்ணுக்கு நேரே ஆழ்வாப்பிள்ளையின் தலை தெரிந்தது.

"என்ன ஆழ்வார், எனக்குச் சரிசமனாய்க் கதிரை போட்டிருக்கிறாய்?"

"கதிரை இல்லை முதலாளி, வெறும் பெட்டி. முழங்கால் மடங்குதில்லை. சுருட்டிலை குறை இருந்தால் சொல்லுங்கோ."

"இண்டைக்குப் பெட்டி, நாளைக்கு என்ரை வீட்டு ஊஞ்சலோ? சண்டைக் காலத்திலை உங்களை வைச்சிருக்கிறதே பெரிய காரியம். நிலத்திலை இருக்க ஏலாதவனுக்கு இஞ்சை வேலை இல்லை."

சண்டை நடந்தது ஐரோப்பாவில். குறைந்தது அச்சுவேலியில் கூலி.

முதலாளி எழுந்து வந்து பெட்டியைக் காலால் தள்ளினார். ஆழ்வாப்பிள்ளை நிலத்தில் விழுந்தார். கையை ஊன்றினார்; முழங்கால் நெறுக்கென்றது; எழும்ப முடியவில்லை. இரண்டு வருடம் ஒளித்ததைப் பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோவைவிட வெட்கம்தான் அவரைக் கொன்றது.

"பொறுங்கோ அண்ணை," என்று தூக்கிவிட எழும்பிய செபநாயகம், தூணைப் பிடித்தும் இரண்டாம் முறைதான் நிமிர்ந்தான். "எனக்கும் உந்த முழங்கால் வருத்தம்தான். நீங்கள் போகட்டும் எண்டு நான் காத்திருக்க, நான் போகட்டும் எண்டு நீங்கள் காத்திருக்கிறியள்."

அடப் பாவிகளா! ஒரே நோவை ஆளுக்கு ஆள் ஒளித்து, யாருக்குக் காவல் இருந்தார்கள்?

கந்தப்பர் பலகையைக் கீழே வைத்தார். "தனக்குத் தனக்கெண்டால் சுளகும் படக்குப் படக்கெண்ணுமாம். முதலாளியின்ரை நாரிக்குத் தலகணி, எங்கடை முழங்காலுக்கு வெறும் நிலமோ?"

"ஓகோ! நிலத்திலை இருக்க ஏலாத ஆக்கள் எல்லாரும் எழும்புங்கோ பாப்பம். ஒரேயடியாய் அனுப்பிவிடுறன்!"

வெருட்டினால் அடங்குவார்கள் என்று முதலாளி நினைத்தார். கந்தப்பர் சுவரைப் பிடித்து எழும்பினார். பிறகு ஒருவர் தோளில் ஒருவர் கையூன்றி, முனகி, ஒளிக்காமல் எழும்பினார்கள். கொட்டில் முழுக்க மூட்டுகள் முறியும் சத்தம். கடைசியாக, கலியாணம் முடித்து ஆறு மாதமான நடராசா துள்ளி எழும்பினான்.

"உனக்கென்னடா வருத்தம்?"

"இன்னும் வரேல்லை, முதலாளி. இதிலை இருபது வருசம் இருந்தால் வரும்."

எல்லாரும் கொட்டிலை விட்டு வெளியே வந்தார்கள். தெருவோரப் பூவரசின் கீழ் நடராசா பெட்டியைப் போட்டான். ஆழ்வாப்பிள்ளையை அதில் இருத்தினார்கள். உள்ளே ஊறவைத்த இலை சுற்ற ஆளில்லாமல் கிடந்தது. வீட்டில் இரவு அடுப்பில் என்ன வைப்பது என்று ஒருவருக்கும் தெரியாது.

"நாளைக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"விடிய வாறம்," என்றார் கந்தப்பர். "எல்லாருக்கும் உசரத்திலை இருக்க இடம் தந்து, குறைச்ச கூலியையும் திருப்பித் தந்தால் உள்ளுக்கை. இல்லாட்டி இதிலைதான் இருப்பம்."

கொட்டில் வாசலில் முதலாளி நின்று பார்த்தார். ஆழ்வாப்பிள்ளைக்கு நோ குறையவில்லை. இரண்டு காலையும் தெருவுக்கு நேரே நீட்டி, எல்லாரும் பார்க்க முழங்காலைத் தேய்த்தார். பக்கத்தில் செபநாயகமும் தன் முழங்காலைத் தேய்க்கத் தொடங்கினான்.