ஆபரேட்டரம்மாவின் இடது காது

எங்கள் எதிர்வீட்டு ஆபரேட்டரம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லை வைத்தே பேசுவது எந்த டாக்டர், காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாரா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவாராம். இதை எனக்குச் சொன்னது வேறு யாருமில்லை, அவரேதான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் வலது காது அடியோடு போனது. இடது காதில் கொஞ்சம் மிச்சம்: லாரி கேட்கும், காலிங்பெல் கேட்காது. அந்தக் காதில் ஒரு மெஷினை மாட்டிக்கொண்டு காலம் தள்ளினார். கடைசியில் வலது காதுக்குள் கம்பி வைத்து ஆபரேஷன் ஆனது. வெளியே, தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டச் சில்லு. கடல் தாண்டி இருக்கும் ஒரே மகள் வருகிறேன் என்றாள். “லீவை வீணாக்காதே” என்றார் இவர். அவளும் வரவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை! துணைக்கு இருந்தது நான். எனக்கென்ன, வெட்டி முறிக்கிற வேலையா?

மெல்ல மெல்ல வார்த்தைகள் பிடிபட்டன. படிக்கட்டில் நான் முணுமுணுத்ததுகூடப் பிடிபட்டதில் எனக்குச் சங்கடம்தான். ஆனாலும் ‘அக்காவுக்குக் காது வந்துடுச்சு’ என்று மாடிக்கு மாடி தண்டோரா போட்டதும் நானேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் உள்ளே போனேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அம்மா, நான்தான்.”

“சொல்லுங்க. யார் பேசறது?”

“என்னம்மா இது? நான்தாம்மா!”

“சரிங்க, சொல்லுங்க.”

பெற்ற மகளுக்கு ‘ங்க’! ஆபரேஷனுக்கு வராத கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் அப்படியே நினைத்தேன். தெரு முழுக்கச் சொல்லியும் விட்டேன். போன் குறைந்து மெசேஜ் ஆனது. மெசேஜ் சுருங்கி ‘ம்’ ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆபரேட்டரம்மா தலைவாரி, போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போன் அடிக்காது.

“நீங்களே கூப்பிட்டா என்னக்கா? கிரீடம் இறங்கிடுமா?” என்றேன்.

“கூப்பிட்டு? அவ சொல்றது ஒண்ணு விடாம புரியுது. ஆனா அது அவ குரலே இல்ல. நீ, பால்காரர், செய்தி வாசிக்கிறவ, என் பொண்ணு, எல்லாரும் ஒரே தகர டப்பாக்குள்ள இருந்து பேசறீங்க. யாரோ ஒருத்தியைப் போய் எப்படி ‘கண்ணு’ன்னு கூப்பிடறது?”

“அதை அவகிட்டயே சொல்றதுதானே?”

“உன் குரல் எனக்குத் தெரியலன்னு பெத்தவ சொல்ற பேச்சா இது?”

இதை மட்டும் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அது அபூர்வம்.

அடுத்த செக்கப்புக்கு நானும் ஒட்டிக்கொண்டேன். மெஷினைச் சரிபார்க்கும் பெண் அவருடைய இடது காதைப் பார்த்தாள். காலி.

“இதுல இருந்த பழைய மெஷின் எங்கம்மா?”

“பீரோவுல. நீதானே கழட்டச் சொன்ன?”

“புதுசு பழகட்டும்னு தினமும் கொஞ்ச நேரம் கழட்டச் சொன்னேன். ஒரேயடியாவா கழட்டி வெச்சீங்க?”

ஆபரேட்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்க எக்ஸ்சேஞ்சுல புதுசா ஒருத்தி வந்தா பழைய ஆளைப் பக்கத்துல வைக்க மாட்டோம். வெச்சா புதுசு வேலையே கத்துக்காது.”

“இது எக்ஸ்சேஞ்சு இல்லம்மா, தலை. வலது காது வார்த்தையைக் குடுக்கும். இடது காதுல மிச்சம் இருக்கிறது குரலோட கனத்தைக் குடுக்கும். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆள்.”

பீரோவில் இருந்தது காதுக்கு வந்தது. முதலில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டு மாமியார்கள் ஒரே நேரத்தில் அதட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். அந்தப் பெண் இரண்டின் சத்தத்தையும் கூட்டிக் குறைத்துச் சமாதானம் பேசி வைத்தாள். சில வாரம் கழித்து ஒருநாள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பாமலேயே, “அடடா, அதே கட்டைக் குரல்!” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு போன் அடிக்கவில்லை. வந்த அழைப்பை எடுத்தே பழகிய ஆபரேட்டரம்மா தானே எண்களை அழுத்தினார். இரண்டு காதும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

“சொல்லும்மா. ஏதாவது அவசரமா?” என்றாள் மகள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் மலர்ந்தது, மலர்ந்த வேகத்தில் வாடியது.

“கண்ணு, காலையில வீட்ல சண்டையா?”

“யாரும்மா சொன்னது?”

“நீதான். ‘சொல்லும்மா’ன்னியே.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “இப்ப பேச முடியாதும்மா. தனியா இருக்கும்போது கூப்பிடறேன்.”

“எப்ப?”

லைன் போய்விட்டது.

“விடுங்கக்கா, கூப்பிடுவா,” என்றேன். அவர் இடது காதில் இருந்ததை ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டார்.

“நீ கிளம்பு. கதவைச் சாத்திட்டுப் போ. அவ பேசும்போது நடுவுல உன் சத்தம் வேணாம்.”

எப்போதும் ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டு வருவது என் வழக்கம். அன்று முழுதாகச் சாத்தினேன். பிறகு காதை ஒட்டவைத்துக் கேட்டேன், பொய் சொல்வானேன். எனக்கு இரண்டு காதும் பழுதில்லாதவை. உள்ளே போனுக்குப் பக்கத்து நாற்காலி நகரும் சத்தம்கூட இல்லை.