கண்ணால் கண்டவள்

மிஷெலைப் பாராட்டி யாராவது ஒரு வார்த்தை பேசினால் போதும், லினெட்டுக்கு வயிறு எரியும். அதை மறைக்க அவள் மெனக்கெடுவதும் இல்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடியில் கல்யாணமான நாளிலிருந்து குடியிருப்பவள் லினெட். மிஷெல் நேற்று வந்தவள். வந்தவள் சும்மா இருந்தாளா? கோயில் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்கும் வாய்ப்பை லினெட்டிடமிருந்து தட்டிக்கொண்டு போனாள். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியத்துக்கும் அவள்தான் பொறுப்பாளர். போதாக்குறைக்கு இப்போது வளர்மதி விவகாரம் வேறு.

வளர்மதி தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்த பெண். அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் கேட்டரிங் கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முதலாளி அவளுடைய பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். சம்பளத்தைக் கண்ணில் காட்டவில்லை. கோபம் வந்தால் கையும் நீட்டினார். ஒரு நாள் பாசாருக்குக் காய் வாங்க வந்த வளர்மதி, மிஷெலின் கழுத்தில் சிலுவையைப் பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். மிஷெல் அவளை நேராகப் போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய், பிறகு ஒரு காப்பகத்திலும் சேர்த்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாதர் பூசையிலேயே மிஷெலின் பேரைச் சொன்னார். லினெட் அன்றைக்கு நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை.

ஏனென்றால் அந்தப் பெண் அடி வாங்குவதை முதலில் பார்த்தவள் லினெட்தான். இரண்டாவது மாடியிலிருக்கும் அவள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே அந்தக் கடையின் பின்கட்டு. ஒரு தடவை கரண்டியால் அடித்தார், இன்னொரு தடவை ரப்பர் குழாயால். நமக்கெதற்கு வம்பு என்று ஒவ்வொரு தடவையும் லினெட் ஜன்னலைச் சாத்தினாள். இப்போது பார்த்தால், எதையுமே பார்க்காத மிஷெலுக்குப் பேரும் புகழும்!

அந்த மாத அன்பியம் மிஷெல் வீட்டில். பலகாரத் தட்டு நிறையக் கூய் இருந்தது, லினெட் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"மொதலாளி அடிக்கவே இல்லன்னு சாதிக்கிறாராம்" என்றாள் மிஷெல். "கண்ணால பாத்தவங்க யாராச்சும் வரலன்னா கேஸ் நிக்காதுலா. பாவம், அந்தப் புள்ள வெறுங்கையோட ஊருக்குப் போவணும்."

பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள். மிஷெல் கண்களை மூடிக்கொண்டு மன்றாட்டைச் சொன்னாள். "கண்ணால் கண்ட ஒருவரைத் துணிவுடன் முன்வரச் செய்தருள வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

கூட்டத்தில் எடுப்பாக ஒலித்தது லினெட்டின் குரல்தான். மிஷெலின் குரலை அமுக்க வேண்டும் என்று எப்போதும் போடும் சத்தம். என்ன கேட்டோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எல்லோருக்கும் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் கணவன் டெரன்ஸ் கேட்டான். "நீதான பாத்த? என்கிட்ட சொன்னியே."

"நான் போய்ச் சொன்னா மாலை யாருக்கு விழும்? அவளுக்குத்தான்."

"மாலை கெடக்கட்டும்லா. அந்தப் புள்ள கதி?"

லினெட் நடையை எட்டிப் போட்டாள். ஆனால் மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கோயிலுக்குக் கட்டும் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, மிஷெலிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போலீஸ் நிலையத்துக்குப் போனாள். போவதென்று ஆகிவிட்டது, பேராவது தன் பேராக இருக்கட்டும்.

வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் கோகுலன் எதிரில் வளர்மதி உட்கார்ந்திருந்தாள். வாக்குமூலத்துக்காக மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"கண்ணால பாத்தது நான்தான் சார்" என்றாள் லினெட். "மிஷெல் ஒண்ணும் பாக்கல. அவுங்க சொல்றது எல்லாம் கேள்விப்பட்டதுதான்."

வளர்மதி நிமிர்ந்து பார்த்தாள். "சார், இவங்கதான் அந்த ரெண்டாவது மாடி அக்கா. மிஷெல் அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேன். அவங்களா வரட்டும், பேரச் சொல்லி இழுக்க வேணாம்னுட்டாங்க."

லினெட் வளர்மதி பக்கம் திரும்பினாள். மிஷெலுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே பலகாரத் தட்டை நீட்டியிருக்கிறாள். இதிலும் அவளே ஒரு படி மேலே போய்விட்டாளே என்று நெஞ்சு எரிந்தது.

வளர்மதி பேச்சை நிறுத்தவில்லை. அவள் குரலில் கோபமும் இல்லை. "அடி விழுறப்பல்லாம் மேல பாப்பேன்க்கா. நீங்க ஜன்னலச் சாத்துற சத்தம் கேக்கும். கீழ எறங்கி வர்றீங்க போலன்னு நெனச்சுக்குவேன்."

லினெட்டின் பொறாமைக்குப் பிடித்துக்கொள்ள இடம் இல்லாமல் போயிற்று.

கோகுலன் பேனாவை எடுத்தார். "நீங்க கோர்ட்டுல வந்து சொல்லணும்மா. மொதலாளியோட லாயர் சும்மா விட மாட்டார். பாத்துட்டு ஏன் இத்தன நாளா வாயத் தெறக்கலன்னு எல்லார் முன்னாலயும் கேப்பார். உங்க கோயில் ஆளுங்களும் வந்திருப்பாங்க. முடியுமா?"

எல்லோர் முன்னாலும். பேர் வெளியே வரத்தான் போகிறது. ஆனால் இப்படி.

லினெட் நாற்காலியை இழுத்து வளர்மதியின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"கேக்கட்டும் சார்" என்றாள். "ஜன்னலச் சாத்துனதையும் சேத்தே எழுதிக்குங்க."