பேரையூருக்குப் புறப்பட்ட மேஜை

1974 ஆவணி முதல் தேதியிலிருந்து, மதுரை கீழவாசல் துளசிராம் சாய ஏஜென்சியில் முதலாளியின் மேஜை, நாளுக்கு நான்கு விரற்கடை வீதம் டைப்பிஸ்ட் ஸ்யாமளாவின் மேஜையை நோக்கி நகர்ந்துவந்தது. அது நகர்வதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதைத்தான் யார் பார்த்திருக்கிறார்கள்? காலையில் கடைச் சிப்பந்தி சோணை தரையில் சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பார். சாயங்காலம் கடை அடைக்கும்போது மேஜை கோட்டைத் தாண்டி நிற்கும். பர்மாத் தேக்கு, இரண்டு பக்கமும் இழுப்பறை, அசைக்க ஆறு ஆள் வேண்டும். கார்த்திகையில் அது ஸ்யாமளாவின் மேஜையை முட்டிக்கொண்டு நின்றது. ஆறு பேர் வந்து பழைய இடத்துக்குத் தள்ளினார்கள். மறுநாள் மறுபடி நான்கு விரற்கடை. ஆசாரி சின்னச்சாமியை அழைத்து இரும்புப் பட்டை போட்டுத் தரையோடு முறுக்கியும் பார்த்தார்கள். மூன்றாம் நாள், காலுக்கொன்றாக நான்கு தரைக்கல்லையும் பெயர்த்துக்கொண்டு மேஜை நகர்ந்திருந்தது.

வேறு மேஜை வாங்கியிருக்கலாம். ஆனால் துளசிராமுக்கு அந்த மேஜையைத் தவிர வேறு எதன் மேலும் பேனா எழுதாது. பாங்கியில் முயன்றார், தபாலாபீஸில் முயன்றார், மசி இறங்கவில்லை. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது என்று தாயார் சாரதாம்பாள் சொல்லிவிட்டதால் யாரும் அதை வியாதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. மூன்று சரக்குக் கிட்டங்கி, ஒரு அம்பாசிடர் கார், கல்யாணம் ஆகவில்லை. உட்கார்ந்த இடத்தில் இருக்கத் தெரியாத மனிதர். கடிதம் சொல்லும்போது ஜன்னலுக்கும் அலமாரிக்குமாக நடந்துகொண்டே சொல்வார். பம்பாய்க்குச் சொல்ல ஆரம்பித்தது அகமதாபாத்தில் போய் முடியும். ஸ்யாமளா அவர் சொன்னதை விட்டுவிட்டு, சொல்ல வந்ததை டைப் அடிப்பாள். இரண்டு வருடத்தில் ஒரு கடிதம்கூடப் பிசகவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் அவள் தானாக அடித்துக்கொள்ள மறுத்தாள். அதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

"மேஜை என் முழங்காலை இடிக்கறது சார்" என்றாள் ஒரு நாள்.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? மேஜைல்ல வருது."

"மேஜை மட்டுந்தான் வரதா?"

அவர் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

1976 ஆனியில் அவளுக்குப் பேரையூர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் அரசாங்க வேலை கிடைத்தது. உத்தரவை அவர் முன்னால் வைத்தாள். நின்றபடியே மூன்று தடவை படித்தார். "கவர்மெண்டு வேலை. பென்சன் உண்டு. போயிட்டு வாங்க" என்றார். அவளுக்குத் தரவேண்டிய நற்சான்றை அவர் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள். 'இவரைப் பிரிவதில்' என்ற இடத்தில் நிறுத்தி, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் பதினான்கு தடவை நடந்தார். விரல்களைக் கட்டைகள் மேல் வைத்தபடி அவள் காத்திருந்தாள். "முடிச்சிருங்க" என்றார். அந்த வாக்கியம் அப்படியே பாதியில் நின்றது. அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவள் போன மறுநாள் மேஜை வாசல்படியில் இருந்தது; அடுத்த நாள் தெருவில். நான்கு விரற்கடை கணக்கெல்லாம் போய், நாளுக்கு இரண்டு பர்லாங், கால் மைல். போலீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் சிவப்புத் துணி கட்டச் சொன்னார், சோணை கட்டினார். கையெழுத்துக்காகக் கடிதங்கள் குவிந்துவிட்டதால் துளசிராம் ஒரு நாற்காலியோடும் குடையோடும் மேஜையின் பின்னாலேயே போனார். அம்பாசிடர் ஃபைல்களையும் தண்ணீர்ப் பானையையும் சுமந்துகொண்டு ஊர்ந்தது. பரமக்குடி, சின்னாளபட்டி வாடிக்கையாளர்கள் விசாரித்து விசாரித்து, பஸ்ஸை விட்டு நடுவழியில் இறங்கி ஆர்டர் கொடுத்தார்கள். வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது.

பத்தொன்பதாம் நாள் மேஜை திருநகரைக் கடந்தது. ஸ்யாமளாவின் அப்பா, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அனந்தராமன், மகளுக்குக் கார்டு எழுதினார்: 'உன் பழைய ஆபீஸ் இன்று நம் தெருமுனையைக் கடந்தது. என்னைப் பார்த்ததும் உன் முதலாளி குடையோடு எழுந்து நின்றார். வெயிலில் கறுத்துவிட்டார். என்ன உத்தேசம்?'

அவள் பதில் எழுதவில்லை. பேரையூரில் அவளுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பத்திரக் கட்டுகளுக்கு நடுவே, சுவருக்கும் பீரோவுக்குமாக நடக்க ஆரம்பித்திருந்தாள். கண்டக்டர்கள் ஜன்னலோரம் நின்று தினமும் சேதி சொன்னார்கள்: "திருமங்கலம் தாண்டிருச்சும்மா." சப்-ரிஜிஸ்திரார் கைலாசநாதன், "மேஜை அசையும் சொத்துன்னு படிச்சிருக்கேன். இம்புட்டு அசையும்னு தெரியாது" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்யாமளா பொறுக்கமாட்டாமல் பஸ் ஏறிப்போய் மேஜை நின்ற இடத்தில் இறங்கினாள். துளசிராம் எழுந்தார்.

"நானா வந்தேன்? மேஜை வந்துச்சு. கையெழுத்துப் போடணும்ல?"

"அப்ப சரி, மேஜையே வரட்டும். ஆனா மேஜைக்கு நான் கழுத்தை நீட்ட முடியாது சார்." எதிர்த்திசையில் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

சோணை குடையை மாற்றிப் பிடித்தார். "ஒரு வார்த்தை சொல்றதுக்கு எம்புட்டுத் தூரம்ணே போறது? குமரி முனைக்கா?"

ஐப்பசி மழை டி. கல்லுப்பட்டி தாண்டிப் பிடித்துக்கொண்டது. சாலையோரக் கரிசலில் இறங்கிய மேஜை இழுப்பறை வரைக்கும் புதைந்துபோனது. நாலு ஜோடி மாடு கட்டியும் வரவில்லை. இரண்டு நாள் துளசிராம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் காலை எழுந்து, குடையைச் சோணையிடம் கொடுத்துவிட்டு நடந்தார். "அண்ணே, கார் நிக்குதுண்ணே!" என்று சோணை கத்தியது அவர் காதில் விழவில்லை. செருப்புகளைச் சேறு எடுத்துக்கொண்டது.

பகல் பதினொரு மணிக்கு அவர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் முழங்கால்வரை கரிசலோடு நின்றார். ஸ்யாமளா டைப் அடிப்பதை நிறுத்தினாள்.

"மேஜை எங்கே?"

"அது வரல."

"அப்ப வந்தது யாரு?"

நடந்து போக ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்த ஒரு ஜன்னலையும் பத்திரக் கட்டுகள் அடைத்திருந்தன. போக வேறு இடம் இல்லை.

"நாந்தான் வந்தேன். நீங்க இல்லாம எனக்கு ஒரு எடத்துல உட்கார முடியல ஸ்யாமளா."

அவள் எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். காரோடு பின்னால் வந்த சோணை, அரைமணி நேரம் கழித்தும் அவர் அதே நாற்காலியில் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டு வீட்டிலும் இரண்டு மாதம் சண்டை நடந்தது. "மேஜைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சே" என்று முதலில் சமாதானமானவள் துளசிராமின் தாயார் சாரதாம்பாள். தையில், அதே ஆபீஸில், ஸ்யாமளாவின் மேஜைமேல் கல்யாணப் பதிவேட்டை விரித்தார்கள். துளசிராம் பேனாவைத் திறந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மசி இறங்கியது. அன்றிலிருந்து அவருடைய பேனா எந்தப் பலகையிலும் எழுதியது.

திருநகரில் வீடு கட்டிக்கொண்டு பதினோரு வருடம் இருந்தார்கள். சேறு காய்ந்தபின் மேஜையை யாரும் தொடவில்லை. ஊர்ச் சனம் அதன்மேல் மிளகாய் வற்றல் காயப்போட்டது. கண்டக்டர்கள் அந்த இடத்துக்கு 'மேஜை ஸ்டாப்' என்று டிக்கெட் கொடுத்தார்கள். 1988 மாசியில் துளசிராம் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு கடிதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதியில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், மீதியை ஸ்யாமளா அடித்து முடித்துத் தபாலில் சேர்த்தாள்.

அந்த வாரமே சோணை வந்து சொன்னார், மேஜை மண்ணைவிட்டு எழுந்து மதுரைப் பக்கம் திரும்பியிருக்கிறது, பழையபடி இரண்டு பர்லாங் என்று. ஸ்யாமளா டேப் எடுத்து வீட்டு வாசல் நிலையை அளந்தாள். மூன்றேகால் அடி. மேஜை நாலு அடி. ஆசாரி சின்னச்சாமிக்கு ஆள் அனுப்பினாள்.

"கல்லுப்பட்டிலருந்து வாரதுக்கு மூணு மாசம் ஆகுமேம்மா. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் சின்னச்சாமி.

"வெயில் காலம். சேறு கிடையாது. முன்னாடியே வந்துடும்" என்றாள்.

ஆசாரி உளியை எடுத்து நிலையைப் பெயர்க்க ஆரம்பித்தார்.